மார்த்தாவின் ஓட்டையில் நல்ல தண்ணீர்

தை பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மாவின் பாய்ப்படகில் மிளகளவு ஓட்டை விழுந்து, அதன் வழியாகக் கடலிலிருந்து நல்ல தண்ணீர் உள்ளே வந்தது. அதே நாளில் எங்கள் சிலுவைத்துறையில் இரண்டு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது, கோயில் ஒலிபெருக்கி பாதிப் பூசையில் செத்துப்போனது, அருளப்பன் வீட்டு ஆடு யாரோ காயப்போட்டிருந்த பாவாடையைத் தின்றது. இவற்றில் எது பெரிய செய்தி என்று அன்று மாலை எங்களைக் கேட்டிருந்தால் பாவாடை என்றுதான் சொல்லியிருப்போம்.

எங்கள் ஊர் மணப்பாட்டுக்கு வடக்கே இருக்கிறது. எங்கே தோண்டினாலும் உப்பு, எவ்வளவு ஆழம் தோண்டினாலும் உப்பு, மழை பெய்து தெருவெல்லாம் வெள்ளம் நின்றாலும் கிணற்றில் உப்பு. செவ்வாய்க்கிழமை வரும் டேங்கர் லாரிக்காகத் திங்கட்கிழமையே குடம் வைத்து இடம் பிடிக்கிற ஊர் இது. ஒரு குடத்தை யாரோ நகர்த்தியதற்காக அண்ணனும் தம்பியும் ஏழு வருஷம் பேசாமல் இருந்த ஊர் இது.

டாக்டரம்மா எங்கள் ஊர்க்காரர் அல்ல. ஹில்டா மச்சாது என்று பெயர், தூத்துக்குடியில் பல் டாக்டர், ஐம்பத்து நான்கு வயது. மாற்றலாகிப் போன ஒரு கம்பெனி அதிகாரியிடமிருந்து இருபத்து நான்கு அடிப் பாய்ப்படகை வாங்கி, அதற்கு மார்த்தா என்று பேர் வைத்து, நிறுத்த இடம் தேடி எங்கள் துறைக்கு வந்தவர். பைபர் உடம்பு, ஒற்றைப் பாய்மரம், இரண்டு பேர் படுக்கலாம் மூன்றாவது ஆள் உட்காரத்தான் முடியும் என்கிற மாதிரி ஓர் அறை. சனிக்கிழமை பழுது பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை பாய் விரிப்பார், ஞாயிற்றுக்கிழமை உடைந்ததை அடுத்த சனிக்கிழமை பழுது பார்ப்பார். இப்படி ஐந்து வருஷம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் யாரும் தொழிலுக்குப் போகமாட்டோம், அது கோயில் கட்டுப்பாடு; ஆகையால் வேலை வெட்டி இல்லாமல் மணலில் உட்கார்ந்து, காசு கொடுத்துக் கஷ்டத்தை வாங்கிக்கொண்ட அந்த ஒரே ஒரு பாயைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான், அதை வந்த முதல் மாதமே டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும் காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டு, பாயை மட்டும் நம்பி, இன்ஜினைத் தொடாமல், ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரி முனையைச் சுற்றிவிட வேண்டும். அங்கே தெரிந்தவர் ஒருவரிடம் படகை விட்டுவிட்டு, பஸ் ஏறித் திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். காற்று திரும்பினபின் போய்ப் படகைக் கொண்டுவரலாம். முதல் வருஷம் சுக்கான் கழன்றது, இரண்டாம் வருஷம் பாய் கிழிந்தது, மூன்றாம் வருஷம் பாய்மரத்தைப் பிடித்திருந்த கம்பி அறுந்தது, நான்காம் வருஷம் அவர் தோள்பட்டையே பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் மணப்பாட்டைத் தாண்டினதும் வருகிற பெரியதாழையைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தார். இந்த வருஷம் எலும்பு டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்தத் தோளை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வாடைக்குக் கயிறு இழுக்கலாம், அதற்கப்புறம் பல்லைப் பிடுங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடியில் தண்ணீர் நின்றால் முதலில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உப்பு என்றால் கடல் வருகிறது, ஓட்டையைத் தேட வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் மழையோ குடிநீர்த் தொட்டியோதான், பதற வேண்டாம். டாக்டரம்மா அந்த ஞாயிறு நக்கிப் பார்த்தார், நல்ல தண்ணீர், பதறவில்லை. இரண்டு மணி நேரம் பாடிக்கொண்டே போயிருக்கிறார். தரைப்பலகை மிதந்து காலில் இடித்தபோதுதான் குனிந்து பார்த்தார், குடிநீர்த் தொட்டி ததும்ப ததும்ப இருந்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, அடியில் இடதுபக்கம் நூல் மாதிரி கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது, அது எங்கள் டேங்கர் தண்ணீரைவிட ருசியாக இருந்தது.

கரைக்கு வந்து கைபம்பால் அதை வெளியே அடித்துக்கொண்டிருந்தபோது முதலில் வந்தவள் கித்தேரி. மீன் வாங்கிப் பத்து ஊருக்கு அனுப்புகிறவள், குடவரிசையில் எங்கள் ஊருக்கே நீதிபதி. ஒரு கை ஏந்திக் குடித்தாள், வீட்டுக்குப் போனாள், குடத்தோடு வந்தாள். அன்று இரவு அவள் வீட்டில் துவரம்பருப்பு இரண்டு விசிலில் வெந்து குழைந்தது. எங்கள் ஊரில் பருப்பு வேகிறது என்பது லேசான விஷயம் இல்லை. ஆறு விசில் வைத்தும் கல்லாக நிற்கிற பருப்பைத் தின்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். மறுநாள் காலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, யாரும் ஆச்சரியப்படவில்லை, கடல் இத்தனை தலைமுறையாக எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு இப்போதாவது ஏதோ கொடுக்கிறதே என்றுதான் பேசிக்கொண்டோம்.

பங்குச் சாமியாரிடம் போய், ஆயருக்கு எழுத வேண்டுமா என்று கேட்டோம். அவர் இரண்டு டம்ளர் குடித்தார். "பருப்பு வேகிறதுக்கெல்லாம் எழுதினா ஆயருக்குப் படிக்க நேரம் இருக்காது" என்றார். மூன்றாவது டம்ளரை அறைக்கு எடுத்துப் போனார்.

பிறகு பரிசோதனைகள் நடந்தன. நான் இஞ்ஞாசி, போட் இன்ஜின் மெக்கானிக், டாக்டரம்மாவின் சில்லறைப் பழுதுகளுக்கெல்லாம் கூடமாட நிற்கிறவன், ஆகையால் எல்லாப் பரிசோதனையிலும் நானும் இருந்தேன். படகு நின்றால் ஓட்டையில் ஒரு சொட்டும் வராது. இன்ஜினில் ஓட்டினால் உப்பு வரும். வேறு படகில் கட்டி இழுத்தாலும் உப்பு. பாய் காற்றை வாங்கி வயிறு தள்ளினால் மட்டும், அந்தக் கணமே, நல்ல தண்ணீர். இரண்டு மணி நேரம் ஓடி வந்தால் இருபது குடம். கித்தேரி உட்கார்ந்து முறை போட்டாள்: எங்கள் பங்கில் முப்பது வீட்டுக்கு ஓர் அன்பியம் என்று எட்டு இருக்கின்றன, சனிக்கிழமை நடை ஓர் அன்பியத்துக்கு, ஞாயிறு நடை இன்னொன்றுக்கு, பிள்ளை பெற்ற வீட்டுக்கு முறை கிடையாது, எப்போதும் ஒரு குடம். லாரி டிரைவர்கூட வீட்டுக்கு ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனார். பாய்மரத்தில் யாரோ மல்லிகைச் சரம் கட்டினார்கள், டாக்டரம்மா அதை அவிழ்த்தார், மறுவாரம் மறுபடி கட்டினார்கள்.

ஆறு வாரம் அவர் எங்களுக்காகப் போய்வந்தார். அதை மறுக்கக் கூடாது. ஆனால் ஒரு மணி நேரம் தெற்கே போவார், படகு அடி கனத்து மந்தமாகும், திரும்புவார், நாங்கள் குடத்தோடு நிற்போம். மாசி பிறந்தது. காலையில் வாடை அடிப்பது நாளுக்கு நாள் தளர்ந்தது. ஒரு சனிக்கிழமை அவர் படகைக் கடல் ஏறியிருந்த நேரத்தில் கரையில் ஏற்றி, கடல் வடிந்ததும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்டுவிட்டு, ஓட்டையை அடைக்கப் போகிறேன் என்று சொன்னார். எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள்.

"டாக்டரம்மா, கும்பிட்டுக் கேக்கேன், அதுல கை வச்சிராதீங்க" என்றாள் கித்தேரி.

"கித்தேரி, நான் பல் டாக்டர். குழியைப் பாத்துட்டு அடைக்காமப் போனா எனக்குத் தூக்கம் வராது."

"இது பல்லு இல்லல்லா."

"இது என் படகு. இதுக்கு அடுத்த சனிக்கிழமை முனைக்குப் போகணும். இந்த வாடை போனா எனக்கு வேற வாடை இல்ல."

"நீங்க முனைக்குப் போய் என்ன கொண்டாரப் போறீங்க? இங்க நாங்க பிள்ளையளுக்குத் தண்ணி கேக்கோம்."

"ஒண்ணும் கொண்டு வரமாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணும் கொண்டு வராம ஒரு இடத்துக்குப் போகணும்னு ஆசைப்பட்டது உனக்கு ஒரு நாளும் இல்லையா?"

கித்தேரி போகாத இடத்துக்கெல்லாம் அவள் மீன்தான் போயிருக்கிறது.

அடைக்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பல்லுக்கு வைத்திருக்கிற சிறு துளைப்பானால் ஓட்டையின் ஓரத்தை முதலில் சுத்தம் செய்தார், அழுக்கோடு அடைத்தால் உள்ளேயே சொத்தை வளரும் என்றார், ஊதி ஊதிக் காயவைத்தார், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த சிமெண்டை அரிசியளவு அரிசியளவாக உள்ளே வைத்து அமுக்கினார், மேலே ரெசின் பூசினார். பழக்கதோஷத்தில் படகைப் பார்த்து "வலிக்குதா?" என்றுகூடக் கேட்டார். மறுநாள் ஞாயிறு பாய் விரித்துப் போய்வந்தார். அடியில் ஈரம் இல்லை, தூசிதான் இருந்தது. அவர் சிரித்த முகத்தோடு இறங்கியதை அன்றுதான் பார்த்தோம், காலிக் குடத்தோடு நின்ற எங்களுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அவர் தூத்துக்குடியில் யார் வாயையோ பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், படகைக் கரையில் சாய்த்து அதைத் திரும்பத் திறந்தோம். திறந்தோம் என்று ஊரையெல்லாம் சேர்த்துச் சொல்லுகிறேன். ஊர் சுற்றி நின்றது உண்மைதான், ஆனால் துளைப்பானைப் பிடித்த கை என்னுடையது. மிளகளவில் இருபது குடம் வந்தால் கட்டைவிரல் அளவில் எவ்வளவு வரும் என்று யாரோ கணக்குச் சொன்னார்கள். அரை இஞ்ச் பிட் போட்டேன். மேலே தாள் ஒட்டி வெள்ளைப் பெயிண்டைத் தொட்டுப் பூசினேன். அவர் புறப்பட்டுப் போய்ப் பார்த்தால் தண்ணீர் வரும், வேறு வழியில்லாமல் திரும்பி வருவார், எங்கள் குடம் நிறையும், முனை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், இதுதான் நாங்கள் நினைத்தது. அடுத்த வருஷம் அவருக்குக் கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் போனார். நல்ல வாடை. தனியாக, நிமிர்ந்து, எங்களைப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரத்தில் மணப்பாட்டுக் குன்றுக்கு நேராக அந்தப் பாய் ஒரு பக்கமாக ஆழ்ந்து நிற்பது கரையிலிருந்து தெரிந்தது. பாயை இறக்கினால் ஓட்டை நின்றுவிடும், அது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், ஊரே பாய் இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தது, பாய் இறங்கவில்லை. "பைத்தியக்காரப் பொம்பள" என்று சொல்லிக்கொண்டே கித்தேரி பாவாடையைத் தூக்கிச் செருகினாள், அவள் மைனி லெயோனா நாற்பது குடத்தை அருளப்பன் நின்ற வள்ளத்தில் எறிந்தாள், நான் இன்ஜினைக் கிளப்பினேன்.

நாங்கள் நெருங்கியபோது டாக்டரம்மா முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு கையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வாளி வாளியாக நல்ல தண்ணீரை மொண்டு கடலில் ஊற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த லெயோனா அழுதேவிட்டாள்.

"பாயை இறக்குங்கம்மா" என்று கத்தினேன்.

"அஞ்சு வருஷமா இறக்கிட்டுத்தான் இருக்கேன்."

கித்தேரியும் லெயோனாவும் குடத்தோடு அந்தப் படகில் குதித்தார்கள், வள்ளத்தை அருளப்பனிடம் விட்டுவிட்டு நானும் குதித்தேன். டாக்டரம்மா என்னைச் சுக்கானுக்குக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்தார், தண்ணீருக்குள் கைவிட்டு ஓட்டையின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வாய்க்குள் விரல் விட்டே எத்தனை வயசு என்று சொல்லுகிறவர் அவர்.

"இது தானா விழுந்தது இல்ல. பிட் போட்ட ஓட்டை. அரை இஞ்ச்."

"நான்தாம்மா" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி, அப்ப நீயே எறை" என்று சுக்கானைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நல்லாக் கேட்டுக்கோங்க. நான் திரும்பல. தண்ணி வேணும்னா எறைங்க, வேண்டாம்னா உங்க வள்ளம் பக்கத்துலதான் நிக்குது."

நிமிஷத்துக்கு ஒரு குடம் வந்தது. மூன்று பேர் மாறி மாறி மொண்டால் படகு மிதக்கும், ஒருவர் உட்கார்ந்தால் தாழும். மொண்டு மொண்டு நாற்பது குடமும் நிறைந்தன, அருளப்பன் அவற்றை வாங்கிக்கொண்டு சிலுவைத்துறைக்குப் பறந்தான், அவன் திரும்பி வருவதற்குள் பெரியதாழை வந்துவிட்டது. கித்தேரி ஈரக் கையோடு போனை எடுத்தாள். பெரியதாழையில் அவள் நாத்தனார் இருக்கிறாள், கூடுதாழையில் மீன் எடுக்கிற கூட்டாளி, உவரியில் ஞானஸ்நானத்தில் அவளை ஏந்தின ஞானத்தாய், கூத்தங்குழியில் யாரோ சம்பந்தி. எல்லோரிடமும் அவள் ஒரே சேதிதான் சொன்னாள், குடத்தோடு கடலுக்கு வாங்க, விளக்கம் அப்புறம். விளக்கம் யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஊருக்கு நேரே போகும்போதும் கரையிலிருந்து வள்ளங்கள் வந்து மார்த்தாவின் இருபுறமும் ஒட்டி ஓடின, காலிக் குடம் இந்தக் கையால் வந்தது, நிறைகுடம் அந்தக் கையால் போனது, நீலக் குடம், பச்சைக் குடம், மூடி இல்லாத பெயிண்ட் வாளி, ஞானஸ்நானத்துக்கு வாங்கின பித்தளைச் செம்பு. ஒரு கிழவர் கை ஏந்திக் குடித்துவிட்டு, இதைத்தான் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தாயா என்று கடலைப் பார்த்துக் கோபமாகக் கேட்டார். டாக்டரம்மா யாரையும் பார்க்கவில்லை, பாயையும் முனையையும் மட்டும் பார்த்தார், தோள் வலித்தபோதெல்லாம் சுக்கானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பொழுது சாய இடிந்தகரைக்கு நேரே பாயை இறக்கி நங்கூரம் போட்டோம். ஓட்டை நின்றது. இருந்த இடத்திலேயே தூங்கினோம்.

ஞாயிறு காலை பாய் ஏறியதும் ஓட்டை திறந்தது, ஆனால் கடலில் ஒரு வள்ளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை. எந்த ஊரிலும் யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். பத்து நிமிஷத்தில் எங்களிடம் இருந்த குடமெல்லாம் நிறைந்துவிட்டது, பிறகு மொண்டதைக் கடலில்தான் ஊற்ற வேண்டும், கித்தேரியால் அது முடியவில்லை, குடத்தை விளிம்புவரை தூக்கிக்கொண்டுபோய் நின்றாள், சாய்க்கவில்லை, படகு தாழ்ந்துகொண்டே போனது. "ஊத்து" என்றார் டாக்டரம்மா. அவள் அசையவில்லை. நான் போனை எடுத்து எங்கள் சாமியாரைக் கூப்பிட்டேன், பூசைக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார், விஷயத்தைச் சொன்னேன்.

"தண்ணி மீன் இல்லியே" என்றார். "பெருமணல் சாமிகிட்டயும் கூட்டப்புளி சாமிகிட்டயும் நான் பேசுறேன். வலை இல்லாம வரச் சொல்லுறேன்."

பெருமணலுக்கு நேரே அவர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்கியதை அந்தக் கடல் பார்த்ததில்லை. வலை இல்லை, தூண்டில் இல்லை, பூசைக்கு உடுத்தின வெள்ளை வேட்டியோடும் பட்டுச் சேலையோடும் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கித்தேரி தூக்கி நின்ற குடத்தை ஒரு சின்னப் பெண் வாங்கிக்கொண்டாள். கூட்டப்புளிக்காரர்கள் வந்து சேர்ந்தபோது எங்களைச் சுற்றி எழுபது எண்பது வள்ளங்கள் இருந்தன, இன்ஜினைக் குறைத்துப் பாயின் வேகத்துக்கே வந்தார்கள், யாரும் எங்களை முந்தவில்லை.

பதினொரு மணிக்கு முனை வந்தது. கரையில் பஸ்ஸில் வந்தவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள், எதைப் பிடிக்கிறோம் என்று தெரியாமல். பாறைகளை வலது கைப்பக்கமாக விட்டு டாக்டரம்மா சுற்றினார், கரை மேற்கே வளைந்து போவது தெரிந்தது, அலையின் நிறம் மாறியது, காற்று ஒரு தடவை தடுமாறிப் பிறகு பாயை மறுபக்கத்திலிருந்து பிடித்தது. அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கக் கை இல்லை, ஒரு கை சுக்கானில், ஒரு கை கயிற்றில். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, என்னால் நடக்காமல் போயிருக்க வேண்டியது என்னை மீறி நடந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

கித்தேரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அறைக்குள் போய், அவருடைய பழுதுபார்க்கும் பெட்டியிலிருந்து சிமெண்ட் டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அடைச்சிருங்கம்மா" என்றாள். "நீங்க நினைச்ச இடத்துக்கு வந்தாச்சு. படகை விட்டுட்டு பஸ்ல போவோம். நாங்க கேட்டது தப்பு இல்ல, ஆனா கேட்டவிதம் தப்பு."

டாக்டரம்மா டப்பாவைப் பார்த்தார். பின்னால் திரும்பி, குடத்தோடு மிதந்துகொண்டிருந்த அத்தனை வள்ளத்தையும் பார்த்தார். வந்த வழியே பார்த்தால் வாடை எதிர்க்காற்று. திரும்பிப் போவதென்றால் குறுக்கும் நெடுக்குமாகப் பாயை மாற்றி மாற்றி, நாலு நாளாவது ஆகும்.

"எறைக்க ஆள் இருக்கா?" என்றார்.

"இருக்கோம்" என்றாள் லெயோனா.

அவர் சுக்கானைத் தொடையால் அணைத்துக்கொண்டு, போனை எடுத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பெண்ணைக் கூப்பிட்டார். "நாளைக்கு வர்ற பேஷண்ட்டுக்கெல்லாம் சொல்லிரு, நான் வியாழக்கிழமைதான் வருவேன். அதுவரைக்கும் உப்புத்தண்ணியில வாய் கொப்பளிச்சிட்டு இருக்கச் சொல்லு" என்றார். போனை வைத்துவிட்டுப் பாயைத் திருப்பினார். படகு வடக்கே முகம் வைத்தது, தண்ணீர் வேகமாக வந்தது, நான் அடுத்த குடத்தை எடுத்தேன்.